ஹார்மோன் ஏற்பித் திரிபுகளில் சேர்மங்களைச் சோதிக்கும்போது எழும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

ஹார்மோனைப் பற்றிச் செல்லுக்குச் செய்தி தரும் புரதங்களான மனித ஹார்மோன் ஏற்பிகளின் இயல்பு வடிவத்தையும் திரிபு வடிவங்களையும் செல்களில் வெளிப்படுத்தி, அவற்றைத் தூண்டும் அல்லது தடுக்கும் சேர்மங்களைத் தேடும் சிறிய ஆய்வுக்கூடங்களுக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் உயிர்வேதியியலும் உயிர்த்தொழில்நுட்பமும் பயிலும் மாணவர்கள் சித்தேரி மலை மூலிகை, அரூர் மஞ்சள், கிருஷ்ணகிரி மாந்தோல், ஓசூர் ரோஜா இதழ் என்று அருகில் கிடைப்பவற்றின் சாற்றை இத்தகைய சோதனைக்கு உட்படுத்த விரும்புகிறார்கள். அந்த விருப்பம் வரவேற்கத்தக்கது. ஆனால் எதிர்பாராத எண் ஒன்று வந்தவுடன் சேர்மத்தைக் கொண்டாடுவதும், எண் வராதபோது சேர்மத்தைக் கைவிடுவதும் வழக்கமாகிவிட்டன. இரண்டுமே அவசர முடிவுகள்.

சோதனையின் அமைப்பு எளிது. செல்லுக்குள் ஏற்பியின் மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட் (வளைய வடிவச் சிறு டி.என்.ஏ.) ஒன்றும், அந்த ஏற்பி பற்றிக்கொள்ளும் டி.என்.ஏ. வரிசைக்குப் பின்னால் மின்மினியின் ஒளியூட்டும் நொதியான லூசிபெரேஸின் மரபணுவை வைத்த பிளாஸ்மிட் மற்றொன்றும் செலுத்தப்படுகின்றன. செல்களின் எண்ணிக்கையையும் பிளாஸ்மிட் நுழைந்த அளவையும் சரிக்கட்ட, எப்போதும் இயங்கும், ரெனில்லா என்ற கடலுயிரியின் லூசிபெரேஸ் மூன்றாவதாகச் சேர்க்கப்படுகிறது. ஹார்மோன் பிணைந்ததும் ஏற்பி விழித்து, மின்மினி லூசிபெரேஸை உண்டாக்கி, சோதனைத் தட்டின் குழியில் ஒளி எழுகிறது. இந்த ஒளி ஏற்பியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதை மறந்துவிடுவதே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். செல், அது வளரும் ஊடகம், நெகிழிக்குழாய், லூசிபெரேஸ் நொதி, சாற்றின் நிறம் ஆகிய அனைத்தும் அதே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு அறிகுறியிலும் கேட்க வேண்டிய கேள்வி, இந்த எண் இவற்றுள் எதனால் உண்டானது என்பதுதான்.

அதற்கு ஒவ்வொரு தட்டிலும் நான்கு வகைக் குழிகள் தவறாமல் இருக்க வேண்டும்: கரைப்பான் மட்டும் சேர்த்த குழி, அறியப்பட்ட ஹார்மோன் சேர்த்த குழி, ஹார்மோனோடு அறியப்பட்ட தடுப்பியும் சேர்த்த குழி, ஏற்பியின் பிளாஸ்மிட்டுக்குப் பதிலாக வெற்றுப் பிளாஸ்மிட் செலுத்திய குழி. நான்காவதை இடமில்லை என்று விட்டுவிடுவோர் பலர். பின்னால் வரும் ஐயங்களில் பாதியைத் தீர்ப்பது அதுதான். தட்டு எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்லும், 1999-இல் முன்மொழியப்பட்ட இசட்-பிரைம் எண்ணையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஹார்மோன் குழிகளின் திட்டவிலக்கத்தையும் கரைப்பான் குழிகளின் திட்டவிலக்கத்தையும் கூட்டி, மூன்றால் பெருக்கி, இரு சராசரிகளின் வேறுபாட்டால் வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழித்தால் அந்த எண் கிடைக்கும். அது 0.5-க்குக் கீழே இருக்கும் தட்டில் புதிய சேர்மத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அறிகுறி: ஹார்மோனைச் சேர்த்தும் ஒளி எழவில்லை

முதலில் ஏற்பியை மறந்துவிட்டு லூசிபெரேஸை மட்டும் சோதியுங்கள். எப்போதும் இயங்கும் முடுக்கியின் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதியின்) கீழ் மின்மினி லூசிபெரேஸ் வைத்த பிளாஸ்மிட்டை அதே செல்லில் செலுத்திப் பாருங்கள். அதிலும் ஒளி இல்லையென்றால் கோளாறு பிளாஸ்மிட் நுழையாததிலோ, நொதி ஒளியாக மாற்றும் லூசிபெரின் என்ற பொருளின் கரைசலிலோ இருக்கிறது. லூசிபெரின் ஒளியிலும் திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதிலும் வலுவிழக்கும். பெங்களூரிலிருந்து வரும் பொதி உலர்பனி தீர்ந்த நிலையில் கைக்குக் கிடைத்ததா, நீண்ட மின்வெட்டில் உறைபெட்டியின் வெப்பநிலை ஏறியதா என்பதைப் பதிவேட்டில் பாருங்கள். கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து வைத்திருந்தால், பாதிக்கப்படாத பங்கைக் கொண்டு உடனே ஒப்பிடலாம்.

லூசிபெரேஸ் சரியாக இருந்தால் ஏற்பிப் பிளாஸ்மிட்டுக்கு வருவோம். மற்றோர் ஆய்வுக்கூடத்திலிருந்து அன்பளிப்பாக வந்த பிளாஸ்மிட்டை, குழாயின் மேல் எழுதியிருப்பதை நம்பி அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஏற்பிப் பகுதி முழுவதையும் வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். இது வெறும் எச்சரிக்கையன்று, இத்துறையின் வரலாறே சொல்லும் பாடம். 1986-இல் படியெடுக்கப்பட்ட மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் முதல் படியில், 595 அமினோ அமிலங்களில் 400-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக வாலின் இருந்தது. 1989-இல்தான் அது இயல்பு வடிவமன்று, படியெடுப்பின்போது நுழைந்த மாற்றம் என்று அறியப்பட்டது. 4 டிகிரி செல்சியஸில் அந்த வடிவம் ஹார்மோனை இயல்பாகவே பற்றியது. 25 டிகிரியில் அதன் பற்று குறைந்தது. குளிரில் செய்த பிணைப்புச் சோதனையில் குறையற்றதாகத் தோன்றிய ஏற்பி, செல் வளரும் வெப்பத்தில் தளர்ந்துபோனது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இயல்பு வடிவம் என்று நீங்கள் எண்ணுவதே ஒரு திரிபாக இருந்தால், அதனோடு ஒப்பிடப்படும் மற்ற எல்லாத் திரிபுகளும் தவறான அளவுகோலில் அளக்கப்படுகின்றன.

ஆண்ட்ரோஜன் ஏற்பியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் முன்பகுதியில் குளூட்டமைன் தொடராக மீண்டும் மீண்டும் வருகிறது. அத்தொடரின் நீளம் மனிதருக்கு மனிதர் மாறுபடுவது இயல்பே. அந்தத் தொடர் மிக நீண்டுவிட்டால் கென்னடி நோய் என்னும் நரம்புத்தசை நோய் உண்டாகிறது என்று 1991-இல் கண்டறியப்பட்டது. இத்தகைய மீள்தொடர்கள் பாக்டீரியாவில் பெருக்கும்போது சுருங்கிவிடக்கூடும். மீள்தொடரைத் தாங்கும் பாக்டீரிய வகையை 30 டிகிரியில் வளர்த்து, ஒவ்வொரு புதிய தயாரிப்பிலும் நீளத்தைச் சரிபார்ப்பது நல்லது.

வரிசை சரியாக இருந்தும் ஒளி இல்லையென்றால், எந்த வடிவம் கையில் இருக்கிறது என்று பாருங்கள். குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் ஆல்ஃபா வடிவம் 777 அமினோ அமிலங்கள் கொண்டது, ஆர்.என்.ஏ. வேறு விதமாக வெட்டி ஒட்டப்படுவதால் உண்டாகும் பீட்டா வடிவம் 742 கொண்டது. முன்னது செயற்கைக் குளூக்கோகார்ட்டிகாய்டான டெக்சாமெத்தசோனுக்கு விழிக்கும். பின்னது வழக்கமான குளூக்கோகார்ட்டிகாய்டுகளைப் பற்றுவதில்லை. இரண்டும் ஒரே மரபணுவின் பெயரால் வழங்குவதால் குழாய்கள் மாறிப்போவது எளிது.

கடைசியாக, ஏற்பியும் டி.என்.ஏ. வரிசையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வைட்டமின் டி ஏற்பி, தைராய்டு ஏற்பி, கொழுப்புச் செல்களில் இயங்கும் ஏற்பியான பி.பி.ஏ.ஆர். காமா ஆகியவை ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பியோடு இணை சேர்ந்தே பெரும்பாலும் இயங்குகின்றன. அவை பற்றும் நேர்த்தொடர்களின் (ஒரே திசையில் இருமுறை வரும் டி.என்.ஏ. வரிசைகளின்) இடைவெளி பி.பி.ஏ.ஆருக்கு 1 நியூக்ளியோடைடு, வைட்டமின் டி ஏற்பிக்கு 3, தைராய்டு ஏற்பிக்கு 4. இணை ஏற்பி செல்லில் போதாமல் இருந்தால் அதன் பிளாஸ்மிட்டையும் சிறிதளவு சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: எதுவும் சேர்க்காத குழியிலேயே ஒளி மிகுதியாக இருக்கிறது

மாணவர்களை மிகவும் அலைக்கழிக்கும் அறிகுறி இது. இதற்கு இரு வகைக் காரணங்கள் உண்டு: அறியாமல் ஹார்மோன் நுழைந்திருப்பது ஒன்று, ஏற்பியே ஹார்மோன் இன்றி விழித்திருப்பது மற்றொன்று. முதலாவது களைய வேண்டிய கோளாறு, இரண்டாவது நீங்கள் தேடி வந்த உண்மை. இரண்டையும் பிரித்தறியாமல் ஊடகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் பயனில்லை.

அழையாமல் நுழையும் ஹார்மோனின் பாதைகள் பல. செல் வளர்க்கும் ஊடகத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பீனால் ரெட், மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படுகிறது என்று 1986-இல் காட்டப்பட்டது. சாயத்தில் கலந்திருந்த மாசு ஒன்றே அதற்குக் காரணம் என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. எனவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனைக்குப் பீனால் ரெட் இல்லாத ஊடகமே வேண்டும். கன்றின் சீரத்தில் இயற்கையாகவே ஸ்டீராய்டுகள் உள்ளன. கரியும் டெக்ஸ்ட்ரானும் கொண்டு அவற்றை நீக்கிய சீரத்தைப் பயன்படுத்த வேண்டும். புதிய ஊடகத்திற்கு மாற்றிய உடனே சோதிக்காமல், செல்கள் பழைய ஹார்மோனை இழக்க இரண்டு மூன்று நாட்கள் விடுங்கள்.

நெகிழிக் கலங்களையும் விட்டுவிடக் கூடாது. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், எதுவும் சேர்க்காமலே மார்பகச் செல்கள் பெருகியதற்குக் காரணம் பாலிஸ்டைரீன் குழாய்களிலிருந்து கசிந்த நோனைல்பீனால் என்று 1991-இல் வெளியிட்டார்கள். 1993-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆட்டோகிளேவில் வைத்த பாலிகார்பனேட் குடுவைகளிலிருந்து பிஸ்பீனால் ஏ நீரில் இறங்குவதைக் கண்டார்கள். பாலிகார்பனேட்டைத் திரும்பத் திரும்ப ஆட்டோகிளேவில் வைக்கும் பழக்கத்தை இந்தச் சோதனைக்கு மட்டுமாவது விட்டுவிட்டு, போரோசிலிகேட் கண்ணாடியில் கரைசல்களைத் தயாரியுங்கள். ஐயம் இருந்தால், குழாயில் ஓர் இரவு வைத்திருந்த ஊடகத்தையும் கண்ணாடியில் வைத்திருந்த ஊடகத்தையும் அடுத்தடுத்த குழிகளில் சேர்த்து ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒளி குறையவில்லையென்றால், ஏற்பியின் பக்கம் பார்வையைத் திருப்புங்கள். வெற்றுப் பிளாஸ்மிட் குழியில் ஒளி இல்லாமல், ஏற்பி உள்ள குழியில் மட்டும் இருந்தால், விழித்திருப்பது ஏற்பிதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவில் 537-ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதில் செரினும், 538-ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலத்திற்குப் பதில் கிளைசினும் வரும் திரிபுகள் ஹார்மோன் இன்றியே இயங்குகின்றன. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை நிறுத்தும் மருந்துகளை நெடுங்காலம் எடுத்துக்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகளின் பரவிய கட்டிகளில் இவை அடிக்கடி தோன்றுகின்றன என்பதை 2013-இல் பல குழுக்கள் வெளியிட்டன. இத்தகைய திரிபு உள்ளவர்களுக்கென்றே எலசெஸ்ட்ரன்ட் என்ற மருந்துக்கு 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் தட்டில் பின்னணி என்று கழிக்கப் பார்த்த எண்ணே இங்கு நோயின் காரணம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பித் தடுப்பியான ஃபுல்வெஸ்ட்ரன்டைச் சேர்த்தால் இந்த ஒளி குறைய வேண்டும். இயல்பு வடிவத்தைவிட இத்திரிபுகளுக்கு அதன் செறிவு கூடுதலாகத் தேவைப்படலாம்.

புராஸ்டேட் புற்றுநோயில் காணப்படும் ஆண்ட்ரோஜன் ஏற்பியின், ஆர்.என்.ஏ. வேறு விதமாக வெட்டி ஒட்டப்பட்டு உண்டான ஏழாம் ஒட்டுவடிவத்தில் ஹார்மோனைப் பற்றும் பகுதியே கிடையாது. ஆகையால் ஹார்மோன் சேர்த்தாலும் அந்தப் பகுதியைக் குறிவைக்கும் தடுப்பியைச் சேர்த்தாலும் எண் அசையாது. அசையாமல் இருப்பதே சரியான விடை.

மனிதரில் உள்ள 48 உட்கரு ஏற்பிகளுள், ஹார்மோன் ஏற்பியை ஒத்த உருவமும் தனக்கென அறியப்பட்ட ஹார்மோன் இல்லாத நிலையும் கொண்டவை பல. ஈஸ்ட்ரோஜன் தொடர்பு ஏற்பிகள் அவ்வகை. அவற்றுள் முதலிரண்டும் 1988-இல் கண்டறியப்பட்டன. அவை ஈஸ்ட்ரடையாலைப் பற்றுவதில்லை, பிணைபொருள் எதுவுமின்றியே இயங்குகின்றன. அவற்றில் ஒளியை ஏற்றும் சேர்மத்தைத் தேடுவதைவிட, ஏற்கெனவே எழுந்துள்ள ஒளியைத் தாழ்த்தும் எதிர்த்தூண்டியைத் தேடுவது பலன் தரும். காமா வடிவத்திற்கு 4-ஹைட்ராக்சிடமாக்சிஃபென் அப்படிப்பட்ட ஓர் எதிர்த்தூண்டி. அதையே உங்கள் தட்டின் ஒப்பீட்டுச் சேர்மமாக வைத்துக்கொள்ளலாம். அதே ஏற்பியோடு பிஸ்பீனால் ஏ வலுவாகப் பிணையும் என்பதால், மேலே சொன்ன நெகிழி எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

செல்லின் மேற்பரப்பில் இருந்து, செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதங்கள் வழியாகச் செயல்படும் ஏற்பிகளிலும் இதே கேள்வி எழும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ஏற்பியில், தானே விழித்திருக்கும் திரிபுகள் தைராய்டுக் கட்டிகளில் உள்ளன என்று 1993-இல் கண்டார்கள். இந்த இடத்தில் நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சந்தேகத்தைப் பேசியாக வேண்டும். ஃபுளூரைடு அலுமினியத்தோடு சேர்ந்து, ஏற்பியின் துணையின்றியே ஜி புரதங்களைத் தூண்டும். அதற்கு அலுமினியம் தேவை என்பதை 1982-இல் ஸ்டெர்ன்வைஸும் கில்மனும் காட்டினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் நாம் அறிந்தவை. ஆகையால் இந்த ஏற்பிச் சோதனையில் அளக்கப்படும் செய்தி மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி.யின் அளவு ஏறியவுடன் ஆழ்துளைக் கிணற்று நீரின் மேல் பழி போடும் எண்ணம் இயல்பாகவே வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொருந்தாது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபுளூரைடு என்பது குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான 1.5 மில்லிகிராமைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆனாலும் அது ஏறத்தாழ 0.26 மில்லிமோலார் மட்டுமே. ஜி புரதத்தைத் தூண்டப் பொதுவாகச் சேர்க்கப்படுவதோ பல மில்லிமோலார் ஃபுளூரைடு. மேலும், குடிநீருக்கான சுத்திகரிப்புக் கருவியில் பிடித்த நீரை ஊடகத்திற்கும் கரைசலுக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு அந்நீரில் எஞ்சும் உப்பும் பாக்டீரியாவின் நச்சுப்பொருளுமே போதுமான காரணங்கள். செல் வளர்ப்புக்கென்று விற்கப்படும் நீரை வாங்கி ஒரு முறை ஒப்பிட்டுவிட்டால் இந்த ஐயம் அன்றே தீர்ந்துவிடும்.

அறிகுறி: தடுப்பி என்று அறியப்பட்ட மருந்து தூண்டியாகத் தெரிகிறது

குழாய்களை மாற்றிவிட்டோம் என்று நினைத்துத் தட்டைக் குப்பையில் போடுவதற்கு முன், செல்லின் பெயரையும் ஏற்பியின் வரிசையையும் பாருங்கள். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால் தடுப்பி தூண்டியாக மாறும் நிகழ்வுகள் இத்துறையில் நன்கு நிறுவப்பட்டவை. எல்என்கேப் என்ற புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்லில் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் ஒரு திரியோனின் அலனினாக மாறியிருக்கிறது. அதனால் தடுப்பியான ஹைட்ராக்சிஃபுளூட்டமைடு அங்கே தூண்டியாகிறது. 741-ஆம் இடத்தின் டிரிப்டோஃபான், லியூசினாகவோ சிஸ்டீனாகவோ மாறினால் பைகாலூட்டமைடும், 876-ஆம் இடத்தின் ஃபினைல்அலனின் லியூசினாக மாறினால் என்சாலூட்டமைடும் அவ்வாறே திசை மாறுகின்றன.

உடலியலை நேராகத் தொடும் எடுத்துக்காட்டு மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பியில் இருக்கிறது. 810-ஆம் இடத்தின் செரின் லியூசினாக மாறிய குடும்பம் ஒன்றை 2000-இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அந்தத் திரிபு உள்ளவர்களுக்கு இளமையிலேயே இரத்த அழுத்தம் உயர்ந்தது. கருவுற்ற பெண்களுக்கு அது மிகக் கடுமையாகியது. காரணம், இயல்பு ஏற்பியைத் தூண்டாத புரோஜெஸ்டிரோன் இத்திரிபைத் தூண்டுகிறது. கருப்பக் காலத்தில் புரோஜெஸ்டிரோன் பெருகுகிறது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோனும் இங்கே தூண்டியாகிவிடுகிறது. சேர்மத்தின் தன்மையை ஏற்பியின் வடிவத்தைச் சொல்லாமல் எழுதக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். "ஸ்பைரனோலாக்டோன் தடுப்பி" என்ற வாக்கியம், எந்த வடிவத்தின் மேல் என்று சேர்க்கும்வரை முழுமையானதன்று.

இடத்தின் எண்களையும் கவனியுங்கள். மேலே சொன்ன எல்என்கேப் திரிபு, பழைய கட்டுரைகளில் 868 என்றும், பின்னர் 877 என்றும், இப்போது 878 என்றும் எழுதப்படுகிறது. முன்பகுதியின் மீள்தொடர் நீளம் வெவ்வேறாக உள்ள வரிசைகளை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதால் வந்த வேறுபாடு இது. 877 என்ற எண்ணைக் கட்டுரையில் படித்துவிட்டு, 920 அமினோ அமிலங்கள் கொண்ட வரிசையில் அதே எண்ணைத் தேடி மாற்றினால், நீங்கள் செய்வது வேறொரு திரிபு. எண்ணோடு அதன் இருபுறமும் உள்ள அமினோ அமிலங்களையும் ஒப்பிட்டபின், திரிபை உண்டாக்க வேண்டிய சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமருக்குக் கோரிக்கை அனுப்புங்கள்.

திரிபு எதுவும் இல்லாமல் இந்த அறிகுறி வந்தால் செல்லின் இயல்பைப் பாருங்கள்: டமாக்சிஃபென் மார்பகத்தில் தடுப்பியாகவும் கருப்பையில் ஓரளவு தூண்டியாகவும் செயல்படுவது மருத்துவர்கள் அன்றாடம் காண்பதே. சுண்டெலியின் மார்பகக் கட்டி வைரஸிலிருந்து பெற்ற எம்.எம்.டி.வி. முடுக்கியைப் பயன்படுத்துவோர், அது ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கு மட்டுமன்றிக் குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கும் பதில் தரும் என்பதை மனத்தில் வைத்து, டெக்சாமெத்தசோன் சேர்த்த குழி ஒன்றையும் வைக்க வேண்டும்.

அறிகுறி: திரிபுக்கும் இயல்பு வடிவத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை

ஒரே ஒரு செறிவில் சோதித்திருந்தால் இது வியப்பன்று. ஹார்மோன் மிகுதியாக இருக்கும்போது பற்று குறைந்த திரிபும் நிறைந்துவிடும். பிக்கோமோலாரிலிருந்து மைக்ரோமோலார்வரை வளைவு வரைந்து, பாதி அளவு தூண்டும் செறிவையும் உச்சத்தையும் தனித்தனியே குறியுங்கள். பிளாஸ்மிட்டின் அளவைக் குறைத்தும் பாருங்கள். ஏற்பி அளவுக்கு மீறி வெளிப்பட்டால் அது சிறு குறைகளை மறைத்துவிடும். இரு வடிவங்களும் ஒரே அளவில் வெளிப்படுகின்றனவா என்று புரதத்தை அளந்து பார்க்காமல் வளைவுகளை ஒப்பிட வேண்டாம்.

இன்னொரு காரணம், சோதனையின் அமைப்பே நோயாளியின் நிலையை ஒத்திராமல் இருப்பது. பி.பி.ஏ.ஆர். காமாவின் 290, 467 ஆகிய இடங்களில் 1999-இல் கண்டறியப்பட்ட திரிபுகள் கடும் இன்சுலின் எதிர்ப்பையும் இளம் வயது நீரிழிவையும் உண்டாக்கின. நோயாளிகளிடம் ஒரு பிரதி இயல்பாகவும் ஒரு பிரதி திரிபாகவும் இருந்தன. திரிபுப் புரதம் இயல்புப் புரதத்தின் வேலையையும் கெடுக்கிறது. தைராய்டு ஹார்மோன் எதிர்ப்பில் பீட்டா ஏற்பியின் திரிபுகளும் அப்படியே. எனவே இயல்பு வடிவத்தின் பிளாஸ்மிட்டை நிலையாக வைத்து, திரிபின் பிளாஸ்மிட்டை ஏறுவரிசையில் சேர்த்து, மொத்த டி.என்.ஏ. மாறாதபடி வெற்றுப் பிளாஸ்மிட்டால் நிரவி, ஒளி குறைகிறதா என்று பாருங்கள். மருத்துவக் கல்லூரியிலிருந்து பொருள் உறுதியாகாத திரிபு என்ற குறிப்போடு அறிக்கை ஒன்று உங்களிடம் வந்தால், இந்தச் சோதனையைச் செய்யாமல் தீங்கற்றது என்று பதில் எழுதாதீர்கள். அந்தப் பதிலை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கும்.

அறிகுறி: தாவரச் சாறு எல்லா ஏற்பிகளையும் தூண்டுகிறது, அல்லது எல்லாவற்றையும் தடுக்கிறது

வெற்றுப் பிளாஸ்மிட் குழியிலும் அதே மாற்றம் தெரிந்தால், ஏற்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அப்போது நிறத்தை முதலில் ஐயுறுங்கள். மின்மினி லூசிபெரேஸின் ஒளி 560 நானோமீட்டரை ஒட்டியும், ரெனில்லாவின் ஒளி 480 நானோமீட்டரை ஒட்டியும் வெளிப்படுகின்றன. மஞ்சள் நிறச் சாறு ரெனில்லாவின் நீல ஒளியையே கூடுதலாக விழுங்கும். அதனால் வகுத்துப் பெறும் விகிதம் ஏறி, இல்லாத தூண்டல் தோன்றும். நாவற்பழம், ரோஜா இதழ் போன்றவற்றின் செந்நீலச் சாறு மின்மினி ஒளியைக் கூடுதலாக விழுங்குவதால், இல்லாத தடுப்பு தோன்றும். செல்களை உடைத்து எடுத்த, லூசிபெரேஸ் ஏற்கெனவே நிறைந்த கரைசலில் சாற்றை நேரடியாகச் சேர்த்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும்: அங்கே ஏற்பிக்கு வேலையே இல்லை, ஆகவே எண் மாறினால் பழி நிறத்தின் மேல் அல்லது நொதியின் மேல்.

நொதியின் மேல் செயல்படும் சேர்மங்களும் பல. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் மின்மினி லூசிபெரேஸைத் தடுக்கும். சில தடுப்பிகளோ நொதியோடு ஒட்டிக்கொண்டு அது செல்லுக்குள் சிதையாமல் காப்பதால், நாள் முடிவில் நொதி குவிந்து ஒளி ஏறுகிறது. பின்னாளில் அட்டலுரன் என்று பெயர் பெற்ற மருந்து முதலில் மின்மினி லூசிபெரேஸ் சோதனையில்தான் கண்டெடுக்கப்பட்டது. அது நொதியையே பற்றி நிலைப்படுத்துகிறது என்பதை 2009-இல் வேறொரு குழு காட்டியபின் அந்தத் தொடக்க முடிவு பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. மஞ்சளின் குர்குமினும் அவ்வாறே எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. அது ஊடகத்தில் விரைவாகச் சிதைகிறது, புரதங்களோடு வினைபுரிகிறது, தானும் ஒளிர்கிறது. அரூர் மஞ்சளில் நல்லதொரு முடிவு வந்தால் மகிழ்வோம், ஆனால் லூசிபெரேஸ் இல்லாத இரண்டாவது சோதனை ஒன்றில், காட்டாக ஏற்பியின் இலக்கு மரபணுவின் ஆர்.என்.ஏ. அளவில், அது மீண்டும் தெரிந்தபின் மகிழ்வோம்.

செல் சாவதும் தடுப்பாகத் தெரியும் என்பதால் ரெனில்லா அளவைத் தனியே பாருங்கள். விகிதம் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தப்பிவிடும். நீரில் கரையாத சேர்மங்கள் நுண்திரளாகி, கைக்குக் கிடைத்த புரதத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. செல் இல்லாத பிணைப்புச் சோதனையில் 0.01 விழுக்காடு டிரைட்டன் எக்ஸ்-100 சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் காரணம் திரள்தான். செல் உள்ள குழியில் டிரைட்டனைச் சேர்க்க வேண்டாம், செல் உடைந்துவிடும்.

தோட்டத்திலிருந்து வரும் பொருளுக்கு இன்னொரு சோதனை தேவை. வின்குளோசோலின் என்னும் பூஞ்சைக்கொல்லியின் சிதைபொருள்கள் ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தடுப்பதும், டி.டி.டி.யின் சிதைபொருளான டி.டி.இ. அதையே செய்வதும் 1990-களின் நடுவில் நிறுவப்பட்டவை. மாந்தோலிலோ பசுமைக்குடில் ரோஜாவிலோ ஆண்ட்ரோஜன் தடுப்பு தெரிந்தால், அது செடியின் பொருளா, தெளித்த மருந்தின் எச்சமா என்று கேட்காமல் கட்டுரை எழுதக் கூடாது. மருந்து தெளிக்காத மரத்திலிருந்தும் அதே பருவத்தில் மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள். எச்சப் பகுப்பாய்வுக்கு ஒரு பங்கை அனுப்புங்கள்.

அறிகுறி: ஓரக் குழிகள் மட்டும் மாறுபடுகின்றன

ஆவியாதல். 96 குழித் தட்டின் ஓரத்திலுள்ள 36 குழிகளில் உப்புக்கரைசலை நிரப்பி, உள்ளே இருக்கும் 60-ஐ மட்டும் பயன்படுத்துங்கள். இன்குபேட்டரின் நீர்த்தட்டு கோடையில் விரைவில் வற்றும்.

அறிகுறி: முன்பு வந்த முடிவு இப்போது வரவில்லை

சேர்மத்தின் மூலக் கரைசலை முதலில் பாருங்கள். சேர்மங்களைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் 18.5 டிகிரி செல்சியஸில் உறைவது. மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவில் அறை அதைவிடக் குளிரும். மேசை மேல் வைத்த குப்பியில் பாதி உறைந்தும் பாதி நீராகவும் இருக்கையில் மேலாக எடுத்த துளியின் செறிவு நீங்கள் எழுதி வைத்ததாக இருக்காது. அறை வெப்பத்துக்கு முழுமையாகக் கொண்டுவந்து, நன்றாகக் கலக்கி, பிறகே எடுங்கள். மழைக்காலத்தில் எதிர்மாறான சிக்கல்: டி.எம்.எஸ்.ஓ. காற்றின் ஈரத்தை ஈர்த்து நீர்த்துப்போகும், சேர்மம் படிந்துவிடும். சிறு குப்பிகளில் பிரித்து வைத்து ஒரு முறை திறந்ததை மறுபடி பயன்படுத்தாமல் இருப்பதே வழி. கரைப்பானின் இறுதி அளவு எல்லாக் குழியிலும் 0.1 விழுக்காடு என்று ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அடுத்து செல். பலமுறை பிரித்து வளர்த்த செல் தன் ஏற்பி அளவை மாற்றிக்கொள்ளும், எம்.சி.எஃப்-7 (மார்பகப் புற்றுநோய்ச் செல் வகை) என்ற ஒரே பெயரில் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் வளரும் செல்கள் ஈஸ்ட்ரோஜனுக்கு வெவ்வேறு அளவில் பதில் தருகின்றன. உறையவைத்த முந்தைய தலைமுறைக் குப்பி ஒன்றைத் திறந்து, அதே நாளில், அதே சேர்மக் குப்பியிலிருந்து எடுத்த கரைசலோடு இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். செல் வளர்ப்பைத் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா வழக்கமான நுண்ணோக்கியில் தெரியாது, ஊடகத்தைக் கலங்கச் செய்யாது, ஆனால் செல்லின் வளர்ச்சியையும் மரபணு வெளிப்பாட்டையும் மாற்றிவிடும், அதற்குப் பி.சி.ஆர். சோதனை மாதந்தோறும் தேவை. பழைய குப்பியில் முடிவு திரும்ப வந்து புதிய செல்லில் வராவிட்டால், செல்லின் அடையாளத்தை டி.என்.ஏ.வின் குறுமீள்தொடர்களை ஒப்பிடும் முறையில் உறுதிசெய்ய அனுப்புங்கள். இரண்டிலுமே வராவிட்டால் சேர்மத்தின் தூய்மையைக் கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் பார்த்துவிட்டு, மூலிகையைப் புதிதாகச் சாறெடுத்து, பறித்த இடமும் பருவமும் குறித்த சீட்டோடு முதல் தட்டிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.